காலேஜை நேரில் போய்ப் பார்த்தால் எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்குமா?

தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்தில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நீட் ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கடையில் கூட்டம்தான். பிள்ளைகள் நேட்டிவிட்டி, சாதிச் சான்றிதழ் என்று வேலையாக வருவார்கள். கூட வரும் அப்பா அம்மா மெதுவாக என் பக்கம் சாய்ந்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஏன்மா, காலேஜுக்கே நேர்ல போயி டீனைப் பார்த்துப் பேசினா சீட்டுக்கு ஏதாவது வழி இருக்குமா?"

இருக்காது. ஆனாலும் போங்கள். முரணாகத் தெரிந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், போன வேலையைச் சரியாகச் செய்தால் சீட் விஷயத்தில் நிஜமாகவே உதவும், நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். யூடியூபில் அமெரிக்காவில் படிக்கும் பையன் ஒருவன் மருத்துவக் கல்லூரி இன்டர்வியூவுக்குக் கோட்டு போட்டுக்கொண்டு போன கதையைச் சொல்கிறான். அங்கே அது உண்மைதான், உங்களை உட்கார வைத்துப் பேசிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் வேலூர் சி.எம்.சி.யில் முன்பு இன்டர்வியூ நடந்ததை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இப்போது அதற்கும் நீட் மார்க், கவுன்சிலிங் என்று ஒரே வழிதான். 720க்கு நீங்கள் எடுத்த மார்க், அதிலிருந்து ரேங்க், அந்த ரேங்க் வரிசையில் சீட். டீன் நினைத்தாலும் ஒரு பெயரை மேலே ஏற்ற முடியாது, தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடம்கூடக் கவுன்சிலிங் வழியாகத்தான் போகிறது.

என் அண்ணனுக்கு இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மகளைக் கூட்டிக்கொண்டு முதல் முறை ஒரு காலேஜுக்குப் போனபோது மஞ்சப்பையில் ஒரு சால்வை, ஒரு டஜன் ஆரஞ்சு. டீன் அறை வாசலில் இருந்த உதவியாளர் பையைப் பார்த்துவிட்டு, "பழத்தை வார்டுல யாருக்காச்சும் குடுங்கய்யா, சீட்டு கவுன்சிலிங்ல வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பழம் வார்டுக்குப் போனது. சால்வை வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அப்புறம் எதற்குப் போகவேண்டும்?

சாய்ஸ் ஃபில்லிங் என்ற ஒரு கட்டம் வரும். எந்தக் காலேஜ் முதலில், எது இரண்டாவது, எது பத்தாவது என்று நீங்கள்தான் ஆன்லைனில் வரிசை போட்டு, பிறகு மாற்ற முடியாதபடி பூட்டவேண்டும். உங்கள் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும், எதில் உங்களுக்கான பிரிவில் இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதிலிருந்து இரண்டு விஷயம் புரியவேண்டும். ஒன்று, கிடைக்காது என்று தோன்றும் காலேஜை மேலே போட்டாலும் நஷ்டமில்லை, கீழே இருப்பது அதனால் கைவிட்டுப் போகாது. போன வருஷம் கடைசியாகச் சீட் கிடைத்த ரேங்கைப் பார்த்துப் பயந்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள். இன்னொன்று, பட்டியலிலேயே இல்லாத காலேஜை யாரும் உங்களுக்குக் கொடுக்கமாட்டார்கள்.

இரண்டாவதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். என் கடையில் ஒரு பையன் ஐந்தே ஐந்து காலேஜ் போட்டான். நாகப்பட்டினத்தையும் போடச் சொன்னேன். அவன் அப்பா, "மழைக்காலத்துல வெள்ளம் வர்ற ஊரு, வேணாம்மா" என்று முடித்துவிட்டார். அவர் நாகப்பட்டினம் காலேஜைப் பார்த்ததே இல்லை. முதல் சுற்றில் பையனுக்கு ஒன்றும் வரவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த ரேங்குக்கு நாகை கிடைத்தது. இரண்டாவது சுற்றில் அவனுக்குக் கிடைத்தது மேற்கே, ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகிற தூரம். ஒரு நாள் ரயிலேறிப் போய்ப் பார்த்திருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் இருந்திருக்கும். நேரில் போவதால் வாய்ப்பு கூடும் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

கிளம்புவதற்கு முன்

எப்போது போவது? ரிசல்ட்டுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கும் நடுவில் கிடைக்கும் வாரங்கள்தான் சரி. நம் பக்கம் வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து குறுவை வேலை ஓடும் நேரம், அப்பாக்களுக்கு வயலை விட்டு வர மனசு வராது. பரவாயில்லை, அம்மாவோ அத்தையோ கூடப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று புறநோயாளிப் பிரிவு இருக்காது, அதைப் பார்க்காமல் வந்தால் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் அர்த்தம்.

போவதற்கு முன் உங்கள் காலேஜ்கள் எந்தக் கவுன்சிலிங்கில் வருகின்றன என்று ஒரு பேப்பரில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். மாநில அரசுக் கல்லூரியில் 85 சதவீத இடம் நம் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சிலிங், மீதி 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, அதை டெல்லியிலிருக்கும் மத்திய அரசின் மருத்துவக் கவுன்சிலிங் கமிட்டி, அதாவது எம்.சி.சி. நடத்துகிறது. ஆக தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் இரண்டு பட்டியலிலும் வரும், இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யவேண்டும். காரைக்கால் ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் எம்.சி.சி. மட்டும். அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதத்தில் வரவேண்டுமென்றால் நம் வழக்கமான சாதிச் சான்றிதழ் போதாது, மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கவேண்டும். இதை ஜூலையில் வந்து கேட்பவர்களுக்காகத்தான் நான் அடிக்கடி கடையை ராத்திரி பத்து மணிக்கு மூடுகிறேன்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளையா? 2020லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணம் அரசே கட்டும். அதனால் "தனியார் நமக்கு எங்கே" என்று ஒதுக்காமல் அவற்றையும் போய்ப் பாருங்கள்.

எங்கெங்கே, எந்த வரிசையில்

டெல்டாவில் ஒரு வசதி, எல்லாம் ஒரு நாள் தூரத்துக்குள். தஞ்சாவூர் ஒரு நாள், திருச்சி ஒரு நாள். திருவாரூர், நாகை, காரைக்கால் மூன்றும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன, காலையில் கிளம்பினால் இரண்டையாவது நிதானமாகப் பார்த்துவிடலாம். வடக்கே இருப்பவர்கள் சிதம்பரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய ராஜா முத்தையா கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. அரியலூரும் எட்டிவிடும் தூரம்தான்.

பழையது, புதியது என்ற வித்தியாசத்தை மனதில் வைத்துப் பாருங்கள். தஞ்சாவூர் 60 வருஷத்துக்கும் மேல் பழசு. திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் கல்லூரி தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருவாரூர் 2010. நாகப்பட்டினமும் அரியலூரும் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் இரண்டு. பழசு என்றால் நல்லது, புதுசு என்றால் மட்டம் என்று மாமா சித்தப்பாக்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய இடத்தில் துறைகள் அதிகம், நோயாளிகள் அதிகம், தஞ்சாவூரில் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடமே தனியாக இருக்கிறது. ஆனால் அங்கே எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர்களும் அதிகம், அதனால் கையால் செய்யும் வேலை முதலில் அவர்களுக்குத்தான் போகும். பி.ஜி. குறைவாக உள்ள இடத்தில், கடைசி வருஷப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்குத் தையல் போடுவதிலிருந்து பிரசவம் பார்ப்பதுவரை வாய்ப்பு சீக்கிரம் வரும் என்று அங்கே படித்தவர்களே சொல்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்பது உங்கள் பிள்ளைக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, காலேஜும் ஆஸ்பத்திரியும் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். திருச்சியில் காலேஜ் பெரியமிளகுபாறையில், ஆஸ்பத்திரி புத்தூரில். தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தாலும், பிரசவமும் குழந்தைகள் பிரிவும் ஊருக்குள் இருக்கும் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில். நாகை காலேஜ் நாகப்பட்டினம் ஊருக்குள் இல்லை, ஒரத்தூரில். ஹாஸ்டலிலிருந்து வார்டுக்கு எப்படிப் போகிறார்கள், ராத்திரி டியூட்டி முடிந்து எப்படித் திரும்புகிறார்கள் என்பதை நீங்களே அந்தப் பாதையில் ஒரு தடவை போய்ப் பார்த்தால்தான் விளங்கும். நாங்கள் தஞ்சாவூரில் ராசா மிராசுதாரைப் பார்த்துவிட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். பிங்க் பஸ், பெண்கள் எங்கள் இருவருக்கும் இலவசம், டிக்கெட் காசு அண்ணனுக்கு மட்டும்தான். போகிற வழியிலேயே என் அண்ணன் மகள், "அத்தை, இங்க சேர்ந்தா இந்த பஸ்தான் எனக்கு" என்றாள். அப்போதே அவள் தலைக்குள் பட்டியல் மாற ஆரம்பித்துவிட்டது.

போய் என்ன பார்ப்பது

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருங்கள். காலேஜ் கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் ஓடாது. ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் வரிசை எவ்வளவு நீளம், எந்தப் பிரிவின் முன்னால் பெஞ்சு நிறைந்திருக்கிறது, அவசர சிகிச்சை வாசலில் 108 எத்தனை தடவை வந்து நிற்கிறது. ஓரமாக நின்று ஒரு மணி நேரம் பார்த்தாலே போதும். டாக்டருக்குப் படிப்பு புத்தகத்தில் பாதி, இந்த வரிசையில் பாதி. நெல் வயல் சூழ்ந்த ஊர்களில் பாம்புக்கடி வரும், பூச்சிமருந்து குடித்தவர்கள் வருவார்கள், இடுப்பு வலியோடு கர்ப்பிணிகள் வருவார்கள். இதையெல்லாம் பார்த்துப் படித்த பிள்ளை நாளைக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டாலும் பதறாது. நோயாளி வராத பளபளப்பான கட்டடத்தைக் கண்டால் அங்கேதான் சந்தேகப்படவேண்டும்.

போட்டோ எடுக்காதீர்கள். நோயாளிகள் இருக்கும் இடம், செல்போனைத் தூக்கினால் செக்யூரிட்டி திட்டுவார், திட்டவும் வேண்டும். இறந்த உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹாலுக்குள்ளும் வெளியாளை விடமாட்டார்கள், கேட்டு அசடு வழியவேண்டாம்.

உண்மையான தகவல் கிடைக்கிற இடம் கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையும் ஜூஸ் கடையும். வெள்ளைக் கோட்டு கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மாணவர்கள் வருவார்கள். டியூட்டி அவசரத்தில் ஓடுகிறவர்களை நிறுத்தாதீர்கள், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களிடம் பேசுங்கள். பெற்றோர் பேசினால் "நல்ல காலேஜ்தான் ஆன்ட்டி" என்று முடித்துவிடுவார்கள், பிள்ளையைப் பேசவிட்டு நீங்கள் இரண்டு மேஜை தள்ளி உட்காருங்கள். "காலேஜ் எப்படி" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். நாங்கள் எழுதிக்கொண்டு போன கேள்விகளில் நன்றாக வேலை செய்தது: "அனாட்டமியில ஒரு மேஜைக்கு எத்தனை பேருக்கா?" கேட்டதும் அந்த இரண்டாம் வருஷப் பெண் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். எண்ணும்போதே, யார் டிசெக்ட் பண்ணுவார்கள், யார் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள், எந்த வாத்தியார் வந்து நின்று சொல்லித்தருவார் என்று கால் மணி நேரம் ஓடிவிட்டது. அதே மாதிரி, போன மாதம் மெஸ் பில் எவ்வளவு வந்தது, கோடையில் ஹாஸ்டலில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், முதல் வருஷத்துக்கு அறைக்கு எத்தனை பேர், தமிழ் மீடியத்தில் வந்தவர்களுக்குத் தனியாக வகுப்பு எதுவும் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அட்டெண்டன்ஸ் எல்லா இடத்திலும் ஒன்றுதான், தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம், அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

ராகிங் பற்றிக் கட்டாயம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். 1996ல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதற்குப் பிறகுதான் அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. இருந்தாலும் முதல் வருஷ ஹாஸ்டல் தனியாக இருக்கிறதா, வார்டன் உள்ளேயே தங்குகிறாரா என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது.

பெண் பிள்ளைக்கு ஹாஸ்டலை உள்ளே போய்ப் பார்க்க முடிந்தால் அம்மா மட்டும் வார்டனிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். பல இடத்தில் விடமாட்டார்கள். விட்டால் அறையைவிடக் குளியலறைத் தாழ்ப்பாளைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

வாசலில் காத்திருக்கும் ஆள்

நேரில் போவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு தனியார் கல்லூரி வாசலில், நாங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கிய இரண்டாவது நிமிஷம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, "பொண்ணு மார்க் என்னங்கய்யா?" என்றார். காலேஜ் ஆள் என்று அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நேர்லயே வந்துட்டீங்க, பேசி முடிச்சிடலாம்" என்று டீக்கடைக்குக் கூட்டிப் போய், டீக்கடை பில்லைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் ஒரு தொகை எழுதி, அதன் கீழே அட்வான்ஸ் என்று 1,00,000 எழுதினார். நெல் போட்ட பணம் அப்போதுதான் அண்ணன் கணக்குக்கு வந்திருந்தது, அவர் கை போனை எடுக்கப் போய்விட்டது. நான்தான் "ரசீது குடுப்பீங்களா?" என்று கேட்டேன். மனிதர் பேப்பரைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992லிருந்தே சட்டப்படி தடை. கவுன்சிலிங் இல்லாமல் வாங்கிய சீட், பணம் கொடுத்தாலும் சீட் இல்லை, பின்னால் அந்தப் படிப்பையே பதிவு செய்யமாட்டார்கள். அதனால் எந்தக் காலேஜ் வாசலிலும், யாரிடமும், ஒரிஜினல் சான்றிதழ், நீட் ஹால் டிக்கெட், ஓ.டி.பி., கவுன்சிலிங் பாஸ்வேர்டு எதையும் கொடுக்காதீர்கள். பார்க்கப் போகும்போது ஒரிஜினல்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், இருந்தால்தானே கேட்பான்.

வந்த அன்றைக்கே எழுதுங்கள்

திரும்பி வரும் ரயிலிலேயே ஒரு நோட்டில் எழுதவேண்டும். இரண்டு நாள் விட்டால் திருவாரூர் மெஸ்ஸும் நாகப்பட்டினம் மெஸ்ஸும் கலந்துவிடும். மார்க்கெல்லாம் போடவேண்டாம். இங்கே ஐந்தரை வருஷம் இருக்க முடியுமா, நாலரை வருஷம் படிப்பும் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனும் சேர்த்து, முடியும் முடியாது என்று பிள்ளை தன் கையால் எழுதட்டும். சாய்ஸ் ஃபில்லிங் அன்று அந்த நோட்டோடு என் மாதிரி யார் கடைக்காவது போங்கள். முடியும் என்று எழுதிய எல்லாவற்றையும் ஆசைப்படும் வரிசையில் போடுங்கள். பார்க்காத தூரத்துக் காலேஜ்களை அதற்குக் கீழே சேருங்கள், முழுக்க விட்டுவிடாதீர்கள். பூட்டுவதற்கு முன் பிரிண்ட் எடுத்து, பிள்ளை ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள். ஒரே பெயரில் தொடங்கும் காலேஜ்களை மாற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சுற்றில் கிடைத்த சீட்டை விட்டுவிடலாம், எதில் விட்டால் அபராதம் என்பது கவுன்சிலிங்கின் தகவல் தொகுப்பேட்டில் (பிராஸ்பெக்டஸ்) இருக்கும், அந்தந்த வருஷத்துத் தொகுப்பேட்டைத்தான் நம்பவேண்டும், பக்கத்து வீட்டு அண்ணன் போன வருஷம் சொன்னதை இல்லை.

சீட் வந்த பிறகு இன்னொரு முறை நேரில் போவீர்கள் இல்லையா, அந்தப் பயணத்தில்தான் எதுவும் தவறக்கூடாது. ஒதுக்கீட்டு ஆணையில் போட்டிருக்கும் தேதி, நேரத்துக்குள் காலேஜில் சேராவிட்டால் சீட் போய்விடும். கடைசி நாள் மாலைக்கு வைக்காதீர்கள். முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டால் இன்னும் நல்லது. ஒரிஜினல்கள் ஒரு ஃபைலில், ஜெராக்ஸ் மூன்று செட் வேறு ஃபைலில், பாஸ்போர்ட் போட்டோ இருபது, கருப்பு மை பேனா இரண்டு. கட்டணம் டி.டி.யா ஆன்லைனா என்று முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள், டி.டி. என்றால் யார் பெயரில், எந்த ஊரில் செல்லும் என்று எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலுக்கு வாளி, பூட்டு, கொடிக்கயிறு எல்லாம் அந்த ஊரிலேயே வாங்கலாம். கொசுவலையை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். என் அண்ணன் மகள் மறந்துவிட்டுப் போய், மூன்றாம் நாள் ராத்திரி முகமெல்லாம் தடித்து வீடியோ கால் போட்டாள். மறுநாள் காலை அண்ணன் முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். வலையைச் சுருட்டி வைக்கப் பை தேடியதில் அந்தப் பழைய மஞ்சப்பைதான் கையில் கிடைத்தது, உள்ளே சால்வை அப்படியே இருந்தது. அதையும் சேர்த்தே எடுத்துப் போனார், அவளுக்கு ராத்திரியில் போர்த்திக்கொள்ள ஆயிற்று.